சியாச்சின் போஸ்டிங்: போகிறவர்களும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

மூத்ததம்பி

வணக்கம். மதராஸ் ரெஜிமெண்டில் ஜேசிஓவாக (இளநிலை அதிகாரி) இருந்து ஓய்வு பெற்றவன். பனிமலைக்கு ஆர்டர் வந்த பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மா, புதிதாகக் கல்யாணமான பெண்கள் என்று எல்லோரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். ஓர் இழையில் எழுதிப் போட்டுவிட்டால் பத்துப் பேருக்கு உதவும். போர் அனுபவம் சொல்லுங்கள் என்று சிலர் தனிமடலில் கேட்கிறீர்கள். என் கதை வேண்டாம். போகிற பிள்ளை உயிரோடும் பத்து விரலோடும் திரும்ப என்ன தெரிந்திருக்க வேண்டும், அது போதும்.

ஒரே நிபந்தனை. இப்போது எந்த போஸ்டில் எத்தனை பேர், எந்த வழியாக ஆள் மாறுகிறது போன்றவற்றைக் கேட்காதீர்கள். தெரிந்தவர்களும் எழுதாதீர்கள்.

பின்னணி தெரியாதவர்களுக்கு: 1984 ஏப்ரல் 13 அன்று சியாச்சினைக் கைப்பற்ற நம் ராணுவத்தின் மேக்தூத் நடவடிக்கை தொடங்கியது. பிலாஃபோண்ட் லா, சியா லா கணவாய்கள் நம் கைக்கு வந்தன. சியாச்சின் சுமார் 76 கிலோமீட்டர் நீளமான பனியாறு. அதன் மேற்கே சால்டோரோ முகட்டில்தான் நம் போஸ்டுகள். 2003 நவம்பர் கடைசியில் போர்நிறுத்தம் வந்தபின் அங்கே துப்பாக்கிச் சத்தம் அடங்கியது. சாவு அடங்கவில்லை. அதற்கு முன்னாலும் குண்டு கொன்றவர்களைவிட உயரமும் குளிரும் பனிச்சரிவும் கொன்றவர்களே அதிகம். எதிர்ப்பக்கமும் அப்படித்தான். 2012 ஏப்ரல் 7 அன்று கயாரியில் பாகிஸ்தான் ராணுவ முகாம் மேல் பனிச்சரிவு விழுந்து 140 பேர் ஒரே நாளில் புதைந்தார்கள்.

கேளுங்கள்.

---

பரமக்குடி_செல்வம்

ஐயா, என் தம்பிக்கு 23 வயது. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிற உடம்பு. லடாக்கின் லேயில் இறங்கியதும் பல நாள் சும்மா உட்கார வைக்கிறார்களாம், போனில் சலித்துக்கொள்கிறான். நல்ல உடல்தகுதி உள்ளவர்களுக்கும் அந்தக் காத்திருப்பு அவசியமா?

---

மூத்ததம்பி

அவசியம். அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிக அவசியம். ஓட்டத்துக்கான உடல்தகுதி வேறு, உயரம் தாங்குவது வேறு. ஓடிப் பழகியவன் வேகமாக ஏறுவான், மூச்சு வாங்கினாலும் நிற்கமாட்டான், தலைவலி என்று சொல்ல வெட்கப்படுவான். உயரம் முதலில் அடித்து வீழ்த்துவது அப்படிப்பட்டவனைத்தான்.

மூன்று கட்டம், மொத்தம் 14 நாள். முதல் கட்டம் 9,000 முதல் 12,000 அடி வரை, 6 நாள். லே சுமார் 11,500 அடி என்பதால் விமானத்தில் வந்து இறங்குகிறவனுக்கு முதல் கட்டம் அங்கேயே நடக்கிறது. முதல் 2 நாள் ஓய்வு மட்டும். லைனுக்குள் (தங்குமிட வளாகத்துக்குள்) மெதுவாக நடக்கலாம், ஏற்றம் கூடாது. 3, 4-ஆம் நாள் சமதரையில் ஒன்றரை முதல் 3 கிலோமீட்டர். 5, 6-ஆம் நாள் 5 கிலோமீட்டர் வரை, கூடவே 300 மீட்டர் வரை ஏற்றம். இரண்டாம் கட்டம் 12,000 முதல் 15,000 அடி, 4 நாள். மூன்றாவது 15,000 அடிக்கு மேல், இன்னொரு 4 நாள். ஒவ்வொரு கட்டத்திலும் மறுபடி முதலிலிருந்து: முதல் 2 நாள் மெதுவான நடை, பிறகுதான் ஏற்றம்.

வீட்டார் கவனிக்க வேண்டியது இதுதான். லீவுக்கு ஊர் வந்து திரும்பும்போதும் இந்தக் கணக்கு உண்டு. ஏற்கெனவே மேலே இருந்தவன்தானே என்று ஏமாறக் கூடாது. சமவெளியில் சில வாரம் இருந்துவிட்டு மறுபடி மேலே போகிறவர்களுக்கு நுரையீரலில் நீர் கோர்ப்பது நன்றாகத் தெரிந்த ஆபத்து. "லீவை இரண்டு நாள் நீட்டிக்கொள், நேராக மேலே போய்விடலாம்" என்று யாரும் அவனுக்கு யோசனை சொல்லாதீர்கள்.

---

மருந்துப்பெட்டி

ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்தவன். மூத்ததம்பி சார் எழுதியதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுமார் 18,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனும் பாதி. இதில் ஆளைக் கொல்வது இரண்டு.

ஒன்று ஹாப்போ, நுரையீரலில் நீர் கோர்ப்பது. புது உயரத்துக்குப் போய் 2 முதல் 4 நாளுக்குள், பெரும்பாலும் இரவில் முற்றும். நேற்று ஏறிய ஏற்றம் இன்று முடியவில்லை என்பதுதான் முதல் அடையாளம். அடுத்து வறட்டு இருமல். அதன்பின் சும்மா படுத்திருந்தாலும் மூச்சு வாங்கும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இளஞ்சிவப்பு நுரை வர ஆரம்பித்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். இங்கே நடக்கிற பெரிய தப்பு, இருமலைச் சளி என்று நினைத்து இருமல் மருந்து குடித்துவிட்டுப் படுப்பது.

மற்றொன்று ஹாக்கோ, மூளை வீக்கம். தாங்காத தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம். தரையில் ஒரு கோடு போட்டு, முன்கால் குதிகால் பின்கால் விரலைத் தொடும்படி நடக்கச் சொல்லுங்கள். நேராக நடக்க முடியாவிட்டால் வேறு சோதனை தேவையில்லை, உடனே கீழே இறக்க வேண்டும்.

இரண்டுக்கும் உண்மையான வைத்தியம் கீழே இறக்குவதுதான், குறைந்தது 1,000 மீட்டர். நடக்க வைக்காமல் தூக்கிப் போக வேண்டும். ஹாப்போ ஆள் நடந்தால் நுரையீரலில் அழுத்தம் ஏறி இன்னும் மோசமாகும். தலைமாட்டை உயர்த்தி, உடம்பைச் சூடாக வைத்து, ஆக்சிஜன் கொடுக்க வேண்டும்.

புயலில் ஹெலிகாப்டர் வராவிட்டால் ஹாப்போ பை இருக்கிறது. ஆளை உள்ளே படுக்கவைத்து ஜிப்பை மூடி, காலால் பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றும் பை. வெளிக்காற்றைவிட சுமார் 2 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) கூடுதல். 18,000 அடியில் பைக்குள் கிடப்பவருக்கு அது ஏறக்குறைய 12,000 அடிக்கு இறங்கியதற்குச் சமம். பை உப்பிவிட்டது என்று பம்ப்பை நிறுத்துவது பெரிய தவறு. நிமிடத்துக்கு 10 முதல் 20 முறை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் விட்ட மூச்சே உள்ளே தேங்கி ஆளை மயக்கும். ஆள் மாற்றி ஆள் அடிக்க வேண்டிய வேலை. பை அவகாசம் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். குணமாகிவிட்டது என்று எடுத்து உட்காரவைத்தால் சில மணி நேரத்தில் மறுபடி வரும்.

---

அடிவாரம்

> உண்மையான வைத்தியம் கீழே இறக்குவதுதான்

டயாமாக்ஸ் மாத்திரை போட்டால் இந்த 14 நாள் வேண்டாம் என்று லடாக் சுற்றுலா போன நண்பர்கள் சொல்கிறார்களே?

---

மருந்துப்பெட்டி

தவறு. அந்த மாத்திரை மூச்சை ஆழமாக்கி, உடம்பு பழகுகிற வேகத்தைக் கொஞ்சம் கூட்டும். பழகாத உடம்பைப் பழகிய உடம்பாக மாற்றாது. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. விரல் நுனி மரத்துப்போகும், சிறுநீர் அதிகம் போகும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன், முதலில் 8 மில்லிகிராம், பிறகு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 4 மில்லிகிராம், நுரையீரலுக்கு நிஃபெடிபின். இவை எல்லாம் மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற நர்சிங் அசிஸ்டெண்ட் கையால் மட்டும். வீட்டிலிருந்து மாத்திரை வாங்கிக் கொடுத்தனுப்பாதீர்கள். அறிகுறியை மறைத்துக்கொண்டு மேலே ஏறுகிறவனுக்கு அந்த மாத்திரையே எமன்.

தூக்க மாத்திரையும் கூடாது, மதுவும் கூடாது. அந்த உயரத்தில் தூக்கத்தில் மூச்சு சில விநாடி நின்று, பிறகு வேகமாக வாங்கும். பக்கத்தில் படுத்தவன் பயந்துபோவான். அது அங்கே இயல்பு. தூங்க மருந்து கொடுத்தால் அந்த இடைவெளி நீளும்.

---

குமுதா_தேனி

என் மகன் போன மாதம்தான் மேலே போயிருக்கான். கை கால் விரல் போயிடும்னு ஊர்ல எல்லாரும் பயமுறுத்துறாங்க. உறைஞ்சுபோனா பனிக்கட்டியால தேய்க்கணும்னு ஒருத்தர் சொன்னார். மகனுக்குச் சொல்லலாமா?

---

மருந்துப்பெட்டி

அம்மா, தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். தேய்க்கவே கூடாது, பனியாலும் கூடாது, கையாலும் கூடாது. உறைந்த சதைக்குள் ஊசிபோலப் பனித்துகள்கள் இருக்கும். தேய்த்தால் அவை உள்ளேயே கிழிக்கும். நெருப்பில் காட்டுவதும் ஆபத்து, மரத்துப்போன தோலுக்குச் சுடுவது தெரியாது, வெந்துவிடும்.

முதலில் வலிக்கும், பிறகு மரக்கும், பிறகு ஒன்றும் தெரியாது. வலி நின்றுவிட்டது என்று நிம்மதியடைகிற அந்த நிமிடத்தில்தான் விரல் போகிறது. தோல் மெழுகு மாதிரி வெளுத்துக் கெட்டியாக இருக்கும். அவன் முகத்தை அவனால் பார்க்க முடியாது. அதனால் எப்போதும் இரண்டு பேர் ஜோடி. ஒருவன் மூக்கையும் கன்னத்தையும் காதையும் மற்றவன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆரம்பம் என்றால் விரலை அக்குளில் வைத்துக்கொண்டாலே உணர்ச்சி திரும்பும். கெட்டியாக உறைந்துவிட்டால் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் அமிழ்த்த வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் உறையாத ஆள் முழங்கையை விட்டுப் பார்க்கட்டும், குழந்தையைக் குளிப்பாட்டும் இளஞ்சூடு. தண்ணீர் ஆறிக்கொண்டே வரும், சூடு சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உறைந்தது இளகும்போது வலி உயிர் போகும். வலி மாத்திரை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும், வீக்கம் வரும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது.

இளக்கிய கால் மறுபடி உறையும் நிலை இருந்தால் இளக்கவே கூடாது. உறைந்த காலோடு நடந்து இறங்கியவனுக்குக் கால் மிஞ்ச வாய்ப்பு உண்டு. இளக்கி, வழியில் மறுபடி உறைந்தால் அந்தக் கால் பிழைப்பது அரிது. அதனால் வெந்நீர் வைத்தியத்தைக் கடைசிவரை பாதுகாப்பாக இருக்கிற இடத்தில்தான் தொடங்க வேண்டும். இளகிய பின் ஹெலிகாப்டர் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது. முதல் 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு இடம் இருக்கிறது.

---

மூத்ததம்பி

குமுதாம்மா, உங்கள் மகனிடம் சொல்ல ஒன்று தருகிறேன். காலுறை. ஈரமான காலுறையோடு தூங்கவே கூடாது. ராத்திரி கழற்றி, காலைத் துடைத்து, விரல் இடுக்கைப் பார்த்து, உலர்ந்த ஜோடி போட வேண்டும். கழற்றிய ஜோடியைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துப் படுத்தால் காலைக்குள் உலர்ந்துவிடும். பூட்ஸின் உள்பகுதியையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியே விட்டால் காலையில் கல். குளிருக்குப் பயந்து மூன்று ஜோடி போட்டு பூட்ஸை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று, அதுவே விரலை எடுத்துவிடும்.

வியர்வையும் அப்படித்தான். சுமையோடு ஏறும்போது உடம்பு சுடும், ஜாக்கெட்டைத் திறந்துவிட வேண்டும். நனைந்த உள்ளாடையோடு நின்ற பத்தாவது நிமிடம் அது உடம்பில் பனித்தகடாகிவிடும். ஏறுவதற்கு முன்பே ஓர் உடுப்பைக் கழற்று, நின்றதும் போட்டுக்கொள். இதைச் சோம்பேறித்தனத்தால் விடுகிறவர்கள்தான் அதிகம்.

---

ராணுவ_ஆர்வலன்

சண்டை பற்றிக் கேட்கலாமா? கார்கிலில் மலை உச்சியைப் பிடிக்க ஏன் அத்தனை பேர் தேவைப்பட்டார்கள்? அந்த உயரத்தில் துப்பாக்கி எப்படி வேலை செய்யும்?

---

மூத்ததம்பி

முதல் கேள்விக்கு நான். சமவெளியில் ஒருவன் காக்கும் இடத்துக்கு மூன்று பேர் என்பது பழைய கணக்கு. மலையில் ஆறுக்கும் மேலே போகும். மேலே இருப்பவன் கல்லடுக்கிக் கட்டிய சங்கருக்குள் உட்கார்ந்து ஒரே பாதையைப் பார்த்தால் போதும். கீழிருந்து வருகிறவன் முதுகில் சுமையோடு, மூச்சு வாங்க, ஒதுங்க இடமில்லாத சரிவில் வருகிறான். அதனால்தான் 1999-ல் தாக்குதல்கள் பெரும்பாலும் இரவில், எதிரி எதிர்பார்க்காத செங்குத்துப் பக்கம் கயிறு கட்டி ஏறி நடந்தன. டோலோலிங் சிகரம் ஜூன் 13 விடிவதற்குள் கைக்கு வந்தது, டைகர் ஹில் உச்சி ஜூலை 4. மலையேற்றம் இரவுக்குள் முடியவில்லை என்றால் விடியும்போது திறந்த சரிவில் மாட்டிக்கொள்வார்கள். அப்படி மாட்டியதில் இழந்தவர்கள் உண்டு.

நம் திருச்சி மேஜர் மாரியப்பன் சரவணன், 1 பிகார் பட்டாலியன், படாலிக் பகுதியில் தன் ஆட்களுக்கு முன்னால் நின்று 1999 மே 29 அன்று வீழ்ந்தார். உடலைச் சில வாரம் கழித்து, ஜூலையில்தான் மீட்க முடிந்தது. வீர் சக்ரா. எதிரியின் பார்வையில் கிடக்கும் ஒரு சரிவிலிருந்து உடலை எடுப்பதுகூட ஒரு தனித் தாக்குதல் அளவுக்குக் கடினம் என்று தெரிந்துகொள்ள இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று பீரங்கி. காற்று மெலிந்திருப்பதால் போஃபர்ஸ் 155 மில்லிமீட்டர் குண்டு சமவெளியில் போவதைவிட நன்றாகத் தூரம் போகும், அதற்குத் தகுந்தபடி கணக்கைத் திருத்த வேண்டும். குறுகிய முகட்டில் 50 மீட்டர் தப்பினால் குண்டு மலைக்கு அந்தப்பக்கம் பள்ளத்தில் விழும், எதிரிக்கு ஒன்றும் ஆகாது. கார்கிலில் பீரங்கியைக் கண்ணால் பார்த்து நேராகச் சுட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

ஆயுதப்பட்டறை

இஎம்இ-யில் (ராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் பிரிவு) ஆயுதம் பழுதுபார்த்தவன். ரைபிள் பற்றி.

முதலில் குறி. மேலே பார்த்துச் சுட்டாலும் கீழே பார்த்துச் சுட்டாலும் குண்டு இலக்குக்கு மேலேதான் போகும். புவியீர்ப்பு குண்டை இழுப்பது கிடைத்தூரத்துக்கு மட்டுமே கணக்கு. 45 டிகிரி சரிவில் 300 மீட்டரில் இருப்பவனுக்கு 212 மீட்டர் என்று வைத்துச் சுட வேண்டும். 30 டிகிரி என்றால் 260. இதோடு காற்றின் அடர்த்தி வெகுவாகக் குறைந்திருப்பதால் குண்டு இன்னும் தட்டையாகப் போகும். அதேசமயம் உறைந்த தோட்டாவின் மருந்து மெதுவாக எரிந்து வேகத்தைக் குறைக்கும். இத்தனையையும் காகிதத்தில் கணக்குப் போட்டு நம்பக் கூடாது. மேலே போனதும் அந்த உயரத்திலேயே, அந்தக் குளிரிலேயே ஸீரோ செய்ய, அதாவது சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்து எண்ணெய். சாதாரணத் துப்பாக்கி எண்ணெய் அந்தக் குளிரில் வெல்லப்பாகு மாதிரி இறுகும், போல்ட் பாதியில் நிற்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த கிரீஸ் உட்பட எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டு, குளிருக்கான எண்ணெய்யை விரலில் தொட்டு ஒரு படலம் பூசினால் போதும். அதிகம் போட்டவனுக்குத்தான் முதலில் மாட்டும்.

மூன்றாவது, ரைபிளைச் சூடான குடிலுக்குள் கொண்டுவரக் கூடாது. உள்ளே இருக்கிற நீராவி குளிர்ந்த உலோகத்தில் வியர்த்து நிற்கும். மறுபடி வெளியே எடுத்ததும் அந்த நீர் ஃபயரிங் பின் துவாரத்துக்குள் பனியாகிவிடும். விசையை அழுத்தினால் "டிக்" என்று மட்டும் கேட்கும். அதனால் ஆயுதம் வெளி முகப்பில், குளிரிலேயே, பனி புகாமல் முனையை மூடி இருக்க வேண்டும். சுத்தம் செய்ய உள்ளே எடுத்தே ஆக வேண்டும் என்றால், முழுதும் வியர்த்து முடியும்வரை விட்டு, கழற்றி, ஒவ்வொரு பாகமாக உலர்த்தித்தான் வெளியே எடுக்க வேண்டும். பாட்டரி மட்டும் எதிர்மாறு, அது சட்டைக்குள் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும்.

வெறுங்கையால் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். உள்ளே மெல்லிய கையுறை, மேலே கனமான உறை. சுடும்போது மேலுறையை மட்டும் கழற்றுவது. மேலுறையைக் கழுத்தோடு நாடா போட்டுக் கட்டாமல் விட்டால் காற்று ஒரு விநாடியில் எடுத்துப் போய்விடும், கூடவே கையும் போகும்.

மோர்ட்டார் பீரங்கியின் அடித்தட்டு மென்பனியில் ஒவ்வொரு வெடிக்கும் கீழே இறங்கும், குறி மாறிக்கொண்டே போகும். மூட்டையோ பலகையோ அடியில் வேண்டும். மென்பனியில் விழுகிற குண்டு உள்ளே புதைந்து வெடிப்பதால் சிதறல் பனிக்குள்ளேயே அடங்கிவிடும். எதிரிக்கும் அப்படித்தான். ஆனால் பாறையில் விழுந்தால் கல்லும் சேர்ந்து பறக்கும், பாதிப்பு இரட்டிப்பு.

---

ராணுவ_ஆர்வலன்

நன்றி சார். 2016-ல் சோனம் போஸ்டில் நடந்தது மாதிரி பனிச்சரிவை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா?

---

கயிறு

மலையேற்றப் பயிற்றுநர். முழுதாக முடியாது, ஆனால் குறைக்கலாம். 30 முதல் 45 டிகிரி சரிவு, புதுப்பனி, காற்று, பிறகு வெயில்: இந்த நான்கும் சேர்ந்தால் ஆபத்து. டிஆர்டிஓவின் (பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம்) பனிச்சரிவு ஆய்வுப் பிரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. பெரிய பனிப்பொழிவுக்குப் பின் ஓரிரு நாள் நகரக் கூடாது. நகர்வதாக இருந்தால் நள்ளிரவுக்குப் பின், பனி இறுகியிருக்கும்போது. வெயில் ஏறுவதற்குள் அடுத்த போஸ்ட் சேர்ந்துவிட வேண்டும்.

சந்தேகச் சரிவைக் கடக்கும்போது ஒருவர் பின் ஒருவராக, ஒருவர் கடந்து முடித்த பின்தான் அடுத்தவர். மற்றவர்கள் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். ஆள் புதைந்தால் கடைசியாகப் பார்த்த புள்ளிதான் தேடலின் தொடக்கம். முதுகுச் சுமை வாரை முன்பே தளர்த்தி வைக்க வேண்டும். ஏவிடி என்கிற கருவி, 457 கிலோஹெர்ட்ஸ் அலை விடுவது, உடம்போடு சட்டைக்குள் அனுப்பும் நிலையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பையில் போட்டு வைத்தால் பையைத்தான் கண்டுபிடிப்பார்கள். பனி நிற்கப்போகும் கணத்தில் இரண்டு கையையும் முகத்தின் முன் கொண்டுவந்து மூச்சுக்குக் கொஞ்சம் காற்று இடைவெளி உண்டாக்க வேண்டும், நின்றபின் விரலைக்கூட அசைக்க முடியாது.

15 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆனால் மூன்றில் ஒருவர். ஆகவே காப்பாற்றப் போவது கீழிருந்து வரும் மீட்புப் படை இல்லை, பக்கத்தில் நிற்கிற தோழன்தான். நீளக்கம்பியால் குத்தி ஆளைத் தொட்டதும் கம்பியை உருவாமல், சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளி நின்று பக்கவாட்டில் தோண்ட வேண்டும். மேலே நின்று தோண்டினால் அவர் மூச்சுக்கு இருக்கிற காற்று இடைவெளியை நாமே மிதித்து நசுக்குவோம்.

சோனம் வேறு வகை. 2016 பிப்ரவரி 3, 19,600 அடி உயரம், 19 மதராஸ் பட்டாலியனின் பத்துப் பேர். அவர்கள் மேல் விழுந்தது காங்கிரீட் மாதிரி இறுகிய பனிப்பாறைத் துண்டுகள். பாறை துளைக்கும் கருவிகளை மேலே ஏற்றி, டாட், மிஷா என்ற இரண்டு நாய்கள் மோப்பம் காட்டி, பல அடி ஆழத்திலிருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் ஆறு நாளுக்குப் பின் உயிரோடு எடுக்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று டெல்லியில் இறந்தார். மற்ற ஒன்பது பேரும் இல்லை. பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்.

---

மூத்ததம்பி

வீர வணக்கம். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று முழங்குகிற படைக்கு அங்கே அடிக்க எதிரியே இல்லாமல் பத்துப் பேர் போனார்கள்.

பனி பிளவு பற்றியும் ஒரு வார்த்தை. போஸ்டுக்கு வெளியே பத்தடி போனாலும் கயிறு. கழிப்பிடத்துக்கு ராத்திரி தனியாகப் போகிறேன் என்று கயிற்றைப் பிடிக்காமல் போகக் கூடாது. பிளவின் மேல் புதுப்பனி பாலம் மாதிரி மூடியிருக்கும். நேற்று தாங்கியது இன்று தாங்காது. பாதை தெரிந்த நுப்ரா பள்ளத்தாக்குப் போர்ட்டர்களும் லடாக் ஸ்கவுட்ஸ் ஆட்களும் "நில்" என்றால் நிற்க வேண்டும், பதவி பார்க்கக் கூடாது.

---

அடிவாரம்

குடிலுக்குள் பாதுகாப்புதானே?

---

மருந்துப்பெட்டி

குடிலுக்குள் மண்ணெண்ணெய் எரிகிறது. சமையல், சூடு, பனி உருக்குவது எல்லாம் அதில்தான். குடிலின் காற்றுத் துளைகளைப் பனி மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும், மணமே இருக்காது. தலைவலி, குமட்டல், அசதி என்று உயர நோய் மாதிரியே காட்டும். அடையாளம் ஒன்று சொல்கிறேன்: ஒரே குடிலில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி என்றால் முதலில் அடுப்பை அணை, கதவைத் திற, எல்லோரையும் வெளியே எடு. பிறகு மற்ற யோசனை. ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும், நடு ராத்திரியானாலும், காற்றுத் துளைகளைக் குத்தித் திறக்க ஓர் ஆள் முறை வைக்க வேண்டும். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றக் கூடாது. ஃபைபர் குடில் தீப்பிடித்தால் நிமிடங்களில் முடியும், வெளியே தங்க இடமில்லை.

---

குமுதா_தேனி

சாப்பாடு எப்படிங்க? சோறு இல்லாம இருக்கமாட்டான். என்ன அனுப்பலாம்?

---

லங்கர்_மணி

அம்மா, சப்ளை கோரில் இருந்தவன். சோறு கிடைக்கும். 18,000 அடியில் தண்ணீர் சுமார் 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி மேலே குழைந்து நடுவில் விதையாக நிற்கும், பருப்பு வேகவே வேகாது. அதனால் எல்லாம் பிரஷர் குக்கர். அங்கே குக்கர் ரப்பர் வளையம் குளிரில் விறைத்து ஆவி கசியும். போடுவதற்கு முன் வெந்நீரில் நனைக்க வேண்டும், மாற்று வளையம் ஒன்று கையில் இருக்க வேண்டும். முட்டை கல், ஆரஞ்சு கல்.

தண்ணீர்தான் பெரிய வேலை. பனியை உருக்க வேண்டும். புதுப்பனி ஒரு பெரிய பாத்திரம் நிறைய அள்ளினால் அடியில் கொஞ்சம்தான் தண்ணீர் கிடைக்கும். வெறும் பாத்திரத்தில் பனியைப் போட்டுச் சூடேற்றினால் அடி கருகி வாடை வரும். ஒரு டம்ளர் தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டுப் பனியைப் போட வேண்டும். தாகம் தெரியாது, ஆனால் நாளுக்கு 4 லிட்டராவது உள்ளே போக வேண்டும். பசியும் தெரியாது. உங்கள் மகனிடம் போனில் "சாப்பிட்டியா" என்று கேட்பதோடு "தண்ணி எத்தனை கிளாஸ் குடிச்சே" என்றும் கேளுங்கள்.

உயரமான சில இடங்களுக்குச் சீட்டா ஹெலிகாப்டர் ஒரு நடைக்குக் கொண்டுபோவது சில பத்துக் கிலோ மட்டுமே. அதனால் பார்சல் சிறியதாக இருக்கட்டும். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, கடலை மிட்டாய், எள்ளுருண்டை, இஞ்சி மரப்பா நல்லது. வாய் கசந்து கிடக்கிற நேரத்தில் இரண்டு கரண்டி பொடி சோற்றை இறக்கும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஊறுகாய் உறைந்து பாட்டில் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் பாறையாகிவிடும். முறுக்கு தூளாகப் போய்ச் சேரும். விலாசத்தில் எண், ரேங்க், பெயர், யூனிட், அவன் கொடுத்த ஏபிஓ (ராணுவ அஞ்சலகம்) எண் மட்டும். இடத்தின் பெயர் எழுதக் கூடாது.

---

பரமக்குடி_செல்வம்

மனநிலை பற்றி யாராவது சொல்லுங்கள். திரும்பி வந்த என் நண்பன் ஒருவன் பேச்சே குறைந்துபோய்விட்டான்.

---

மருந்துப்பெட்டி

மூன்று மாதம் போல ஒரே குடில், ஏழெட்டு முகம், வெள்ளை தவிர வேறு நிறமில்லை, சரியான தூக்கமில்லை. ஆக்சிஜன் குறைவில் மறதியும் எரிச்சலும் வரும். இறங்கிய பின் பசியும் எடையும் தூக்கமும் சில வாரத்தில் தேறும். தேறாமல், ஒரு மாதத்துக்கு மேல் கெட்ட கனவு, சத்தத்துக்குத் திடுக்கிடுவது, யாரோடும் ஒட்டாமல் இருப்பது, குடி கூடுவது இருந்தால் அது வைத்தியம் தேவைப்படும் நிலை. யூனிட் மருத்துவ அதிகாரியிடம் சொல்லலாம், ராணுவ மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர் என்றால் இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) மூலம் போகலாம். உங்கள் நண்பனிடம் "என்ன பார்த்தாய், எத்தனை பேர் செத்தார்கள்" என்று கேட்காதீர்கள். டீக்கடைக்குக் கூட்டிப் போங்கள், பக்கத்தில் உட்காருங்கள். தூக்கம் எப்படி என்று மட்டும் கேளுங்கள்.

---

மூத்ததம்பி

காகிதம் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறை. மேலே உறைபனிக்காயமோ ஹாப்போவோ வந்தால் மருத்துவக் குறிப்பிலும் காய அறிக்கையிலும் இடம், தேதி, பணியில் இருந்தபோது வந்தது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். விரல் மரத்துப்போனதைச் சொல்லாமல் மறைத்து, பத்து வருடம் கழித்து வலிக்கிறது என்று போய் நின்றால் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு ஆதாரம் இருக்காது. நகலை வீட்டுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

---

குமுதா_தேனி

எல்லாருக்கும் நன்றிங்க. போன் பத்து நாளா வரலை. லெட்டர் போட்டா போய்ச் சேருமா?

---

மூத்ததம்பி

சேரும் அம்மா. பத்து நாள் போன் வராதது வானிலை. புயலில் தொடர்பு அறுந்தால் அங்கே எல்லோருக்கும் சேர்த்துத்தான் அறும். ஏதாவது நடந்திருந்தால் யூனிட்டிலிருந்து உங்களுக்குத் தகவல் வந்திருக்கும்.

கடிதம் எழுதுங்கள். ஹெலிகாப்டர் பறக்கும் நாளில் நான்கைந்து கடிதம் சேர்ந்தாற்போலப் போகும், முன்பின்னாக. அதனால் ஒவ்வொன்றிலும் தேதியும், மேலே மூலையில் 1, 2, 3 என்று எண்ணும் போடுங்கள். வரிசையாக அடுக்கிப் படிப்பான். பேனா மை நனைந்தால் கரையும், பால்பாயிண்ட்டில் எழுதுங்கள். வீட்டுப் பிரச்சினையைப் பாதியில் விட்டு எழுதாதீர்கள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரி போகிறோம்" என்ற கடிதம் இந்த வாரமும் "சரியாகிவிட்டது" என்ற கடிதம் அடுத்த மாதமும் போய்ச் சேர்ந்தால், நடுவில் அவன் தூங்கமாட்டான். முடிந்ததை மட்டும் எழுதுங்கள். மாடு கன்று போட்டது, மழை பெய்தது, யாருக்குக் கல்யாணம். அதைத்தான் நாலு தடவை படிப்பான்.